சுங்கம் தவிர்த்த சோழன்

மன்னர்தம் பெருமையை அவர்கள் வென்ற நிலப்பரப்பால் அளப்பதே பெருவழக்கு. ஆண்ட காலத்தால் அளப்போமாயின், பிற்காலச் சோழருள் முதலிடம் பெறுபவன் முதற் குலோத்துங்கன். 1070 முதல் 1122 வரை, ஏறத்தாழ 52 ஆண்டுகள் அவன் ஆண்டான். தஞ்சைப் பெரிய கோயிலை எடுப்பித்த முதல் இராசராசன் ஆண்டதோ 29 ஆண்டுகளே.

இத்தனை நீண்ட ஆட்சிக்கு வாய்த்த தொடக்கம் உறுதியானதன்று. வேங்கிநாட்டுக் கீழைச் சாளுக்கிய மன்னன் இராசராச நரேந்திரனுக்கும், கங்கைகொண்ட சோழனின் மகள் அம்மங்கைதேவிக்கும் பிறந்தவன் அவன். இராசேந்திரன் என்பது இயற்பெயர். தந்தை மறைந்தபின் வேங்கி அரியணை சிற்றப்பன் விசயாதித்தன் வசமாயிற்று. 1070இல் வீரராசேந்திரனும், அடுத்து அவன் மகன் அதிராசேந்திரனும் இறக்கவே, மகள்வழிப் பேரனான இவன் சோழ அரியணை ஏறினான். அதிராசேந்திரனின் உடன்பிறந்தாளை மணந்திருந்த மேலைச் சாளுக்கிய ஆறாம் விக்கிரமாதித்தன் அன்றே பகைவனானான்.

வியப்பு யாதெனில், அவனை எதிர்த்தோரும் நெடுங்காலம் ஆண்டவர்களே. விக்கிரமாதித்தன் ஆண்டது 50 ஆண்டுகள். ஈழத்து முதல் விசயபாகு 55. கலிங்கத்து அனந்தவர்மன் ஏறத்தாழ 70. இவர்களை முற்றாக அழித்தல் எவராலும் இயலாதென்பதைக் குலோத்துங்கன் உணர்ந்தான் போலும். விசயபாகு மீட்டுக்கொண்ட ஈழத்தின்மேல் ஓயாது படைநடத்தி நாட்டை வறியதாக்க அவன் முற்படவில்லை. கருணாகரத் தொண்டைமான் பெற்ற கலிங்க வெற்றி பரணி பாடப்பெறும் புகழைத் தந்தது, நிலத்தைத் தரவில்லை.

பாண்டிநாட்டாராகிய நாம் ஒன்றை மறத்தல் ஆகாது. பாண்டியர் ஐவரை வென்று, கோட்டாறு முதலிய இடங்களில் அவன் நிலைப்படைகளை நிறுத்தினான். அவன் அமைதி எல்லார்க்கும் அமைதியாக இருந்ததில்லை.

எனினும் அவன் நாட்டம் பெரிதும் உள்நாட்டின் மீதே சென்றது. 1077இல் 72 பேர் கொண்ட தூதுக்குழு சீனம் சென்றது. 1086இல் நிலம் அளக்கப்பெற்றது. இங்கிலாந்தில் முதலாம் வில்லியம் நிலக் கணக்கெடுத்ததும் அதே ஆண்டில்தான். நாகைப் பௌத்த விகாரத்துக்கு 1090இல் அவன் வழங்கிய உரிமை செப்பேட்டில் பொறிக்கப்பட்டது. எல்லாவற்றினும் மேலாக, வணிகர் செலுத்திய சுங்கத்தை அவன் நீக்கினான். மலைச்சரக்கு இறங்கும் கணவாய்களின் அடியில், தேவாரத்திலும் போடியிலும் வாழும் நமக்கு, வழியில் இறுக்கும் பொருள் விலையில் ஏறுவதை எவரும் விளக்க வேண்டுவதில்லை.

முதுமையில் இழப்புகள் வந்தன. போசள விட்டுணுவர்த்தனன் கங்கபாடியைக் கவர்ந்தான். வேங்கியை ஆண்ட மகன் விக்கிரமசோழன் 1118 அளவில் இளவரசுப் பட்டமேற்கத் தெற்கே வந்ததும், அந்நாடு விக்கிரமாதித்தன் கைப்பட்டது. தந்தை ஆண்ட வேங்கியை இழந்தே குலோத்துங்கன் கண்மூடினான்.

கடாரங் கொண்டான், கங்கை கொண்டான் எனக் கொண்டவற்றால் பெயர்பெற்ற குடியில், கொள்ளாது விட்ட ஒன்றால் பெயர்பெற்றவன் இவன். வென்ற நிலங்கள் கைமாறின. சுங்கம் தவிர்த்தான் என்னும் பெயர் மாறவில்லை.