விலக்கப்பட்ட மொழியும் மலர்ந்த தோட்டமும்

சிறுவர் கதை மாந்தரின் நாவில் ஊர்மணம் கமழச் செய்தவர்களுள் பிரான்சிஸ் ஹாட்ஜ்சன் பர்னெட் அம்மையாரைத் தனித்துப் போற்றுகின்றோம். ஆங்கிலம் எங்கும் ஒன்றே என எண்ணியிருந்த நமக்கு, அதற்குள்ளும் மேலோர் நா, எளியோர் நா என்னும் பிளவு உண்டென்று உணர்த்தியவை அவர்தம் நூல்கள்.

1849 நவம்பர் 24-ஆம் நாள் மான்செஸ்டரில் பிறந்த அம்மையார், மிக இளமையிலேயே தந்தையை இழந்தார். குடும்பம் அருகிலுள்ள சால்போர்டில் குடியேறியது. வீட்டின் பின்புறத் தெருக்களில் ஆலைத் தொழிலாளரின் பிள்ளைகள் லங்காஷயர் வட்டாரமொழி பேசி விளையாடினர். நற்குடிப் பெண் அவ்வாறு பேசலாகாது என்பது வீட்டாரின் கட்டளை. சிறுமியோ அதைக் களவாகக் கற்றார்.

அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி வரவு குன்றி மான்செஸ்டர் வாணிகம் நொடித்தது. 1865-இல் குடும்பம் கடல் கடந்து டென்னசி மாநிலம் சென்றது. அங்கும் வறுமையே. காட்டுத் திராட்சை பறித்து விற்ற காசில் தாளும் அஞ்சல்தலையும் வாங்கிக் கதை அனுப்பினார் அம்மையார். இதழாசிரியருக்கோ ஐயம்: டென்னசியிலிருந்து வந்த கதையில் இங்கிலாந்தின் வாடை வீசுவது எங்ஙனம்? மற்றுமொரு கதை எழுதி மெய்ப்பித்த பின்னரே, 1868-இல், இரண்டும் 35 டாலருக்கு ஏற்கப்பெற்றன. 1877-இல் வெளிவந்த முதல் நாவலில் லங்காஷயர்ச் சுரங்கப் பெண்ணொருத்தி, அன்று விலக்கப்பட்ட அதே மொழியில் வாய் திறந்தாள்.

1886-இல் நூலான 'லிட்டில் லார்ட் பான்டில்ராய்' பெரும்புகழ் ஈட்டியது. அதனால் வெல்வெட் சட்டையும் சரிகைக் கழுத்துப்பட்டியும் அணிந்து அல்லலுற்ற சிறுவர் பலர்! 1890-இல் மூத்த மகன் லயனல் காசநோயால் மாண்டான். அத்துயரை அம்மையார் மறந்தாரில்லை.

1911-இல் வெளிவந்த 'தி சீக்ரெட் கார்டன்' நூலை நாம் உயர்வாகக் கருதுகிறோம். இந்தியாவில் ஆயாவை அதட்டி வளர்ந்த மேரி, பெற்றோரை இழந்து யார்க்ஷயர் செல்கிறாள். பணிப்பெண் மார்த்தாவின் பேச்சு அவளுக்கு விளங்கவில்லை. ஆயினும் வியப்பில்லை, இந்தியாவில் பல மொழிகளைக் கேட்டுப் பழகியவளன்றோ! அவ்வட்டாரத்தார் நெருங்கியவரைத் 'தா' என்று விளிப்பர். பொது ஆங்கிலம் இழந்துவிட்ட ஒருமை அது. நம் 'நீ' போன்றது. அதட்ட மட்டுமே அறிந்த சிறுமி, அந்த உரிமைச் சொல்லை விரும்பிப் பயில்கிறாள். சாவை அஞ்சிப் படுக்கையில் கிடக்கும் காலினிடம் ஒருநாள் அப்பேச்சைப் பேசிக் காட்ட, இருவரும் அறை அதிரச் சிரிக்கின்றனர். கதவைத் திறந்த இல்ல மேற்பார்வையாளர் மெட்லாக் அம்மையார் திகைத்துப் பின்வாங்குகிறார். கேட்பார் எவருமில்லை என்பதால், அவர் வாயிலும் யார்க்ஷயரே வருகிறது! மொழிக்கு வேலியிட்டோரின் நெஞ்சிலும் அம்மொழியே வாழ்ந்தது என்பதை இதனினும் நயமாகக் காட்டல் அரிது. பிழைக்க வைக்க இயலாத மகனை எண்ணித்தான் காலினை எழுந்து நடக்க வைத்தாரோ என்றும் நாம் எண்ணுவதுண்டு.

1924 அக்டோபர் 29-ஆம் நாள் நியூயார்க் மாநிலத்துப் பிளான்டோம் ஊரில் அம்மையார் மறைந்தார். நியூயார்க் நகரின் சென்ட்ரல் பூங்காவில் 1930-களில் அவருக்கு நினைவு நீரூற்று அமைத்தனர். சிறுவன் குழலூத, சிறுமி கையேந்தும் கிண்ணத்தில் பறவைகள் நீரருந்தும் வண்ணம் சிலைகளை வடித்துள்ளனர்.