வெயில் மலையில் விழுந்த வீரர் டாம் சிம்ப்சன்



சைக்கிள் இல்லாத தெரு நம்ம திருமுல்லைவாயிலில் உண்டா? கிடையவே கிடையாது. பக்கத்து ஊர் அம்பத்தூரில் 1949-ஆம் ஆண்டிலேயே டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி ஆரம்பிச்சாங்க. இங்கிலாந்து நாட்டுக் கம்பெனியோடு சேர்ந்து ஆரம்பித்தது அது. எங்க தாத்தா கடைசி வரைக்கும் ஓட்டிய ஹெர்குலஸ் சைக்கிளின் பெயர்கூட இங்கிலாந்திலிருந்து வந்ததுதான். அதே இங்கிலாந்தில் பிறந்து, சைக்கிளாலேயே உலகப் புகழ் அடைந்து, சைக்கிள் மேலேயே உயிரை விட்ட ஒருவரின் வாழ்க்கையை இந்த முறை எழுதுகிறேன். அவர் பெயர் டாம் சிம்ப்சன்.

கிரிக்கெட் பற்றி எழுதாமல் ஏன் இவரைப் பற்றி எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். கடைசி வரைக்கும் படியுங்கள், உங்களுக்கே புரியும்.

சுரங்கத் தொழிலாளி மகன்

டாம் சிம்ப்சன் 1937-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி இங்கிலாந்தின் டர்ஹம் பகுதியில் ஹாஸ்வெல் என்ற ஊரில் பிறந்தார். அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். வீட்டில் ஆறு பிள்ளைகள், இவர்தான் கடைக்குட்டி. 1950-இல் குடும்பம் ஹார்வொர்த் என்ற இன்னொரு சுரங்க ஊருக்குக் குடி போனது.

பன்னிரண்டு வயசில் அக்கா வீட்டுக்காரரின் சைக்கிளை வாங்கி ஓட்டிப் பழகினார். அப்புறம் மளிகைச் சாமான்களை சைக்கிளில் கொண்டுபோய் வீடு வீடாகக் கொடுக்கிற வேலை பார்த்தார். நம்ம தெருவுக்கு வர்ற டெலிவரி அண்ணன்களை நினைச்சுக்கோங்க, அப்படித்தான்!

பதிமூன்று வயசில் ஊர் சைக்கிள் சங்கத்தில் சேர்ந்தார். ஆள் ரொம்ப ஒல்லி. ஆனால் மேட்டில் ஏறும்போது பெரியவங்களையே பின்னால் தள்ளிவிடுவார். அப்போ இத்தாலியில் ஃபாஸ்டோ கோப்பி என்ற பெரிய சைக்கிள் வீரர் இருந்தார். அதனால் சங்கத்துக்காரங்க இவருக்கு நாலு ஸ்டோன் கோப்பி என்று பட்டப்பெயர் வைத்தார்கள். நாலு ஸ்டோன் என்றால் சுமார் 25 கிலோ. நம்ம ஸ்கூலில் ஒல்லியா இருக்கிறவங்களுக்கு வைக்கிற பட்டப்பெயர் மாதிரிதான். அதைக் கேட்டு அவர் அழுதுகொண்டு உட்காரவில்லை, இன்னும் வேகமாக மிதித்தார்.

வெற்றி மேல் வெற்றி

1956-ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நாலு பேர் சேர்ந்து ஓட்டும் அணிப் போட்டியில் வெண்கலப் பதக்கம். அப்போது அவருக்கு 19 வயசு முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது! 1958-இல் கார்டிஃப் நகரில் நடந்த காமன்வெல்த் போட்டியில் வெள்ளிப் பதக்கம்.

ஆனால் சாலைப் பந்தயம் என்றால் பிரான்ஸ், பெல்ஜியம், இத்தாலி நாடுகள்தான். அதனால் 1959-இல் நூறு பவுண்டு சேமிப்பையும் இரண்டு சைக்கிளையும் எடுத்துக்கொண்டு பிரான்சுக்குக் கிளம்பினார். அந்த ஊர் பாஷையும் சரியாகத் தெரியாது. அங்கேதான் ஹெலன் என்ற இங்கிலாந்துப் பெண்ணைச் சந்தித்துத் திருமணம் செய்துகொண்டார். இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தார்கள்.

1961-இல் பெல்ஜியத்தின் பெரிய பந்தயமான ஃபிளாண்டர்ஸ் பந்தயத்தில் முதலிடம். 1962-இல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் மஞ்சள் சட்டை! டூர் டி பிரான்ஸ் என்பது மூணு வாரம் பிரான்ஸ் நாட்டையே சுற்றி வருகிற பந்தயம். மொத்த நேரத்தில் யார் முன்னால் இருக்கிறாரோ அவருக்கு அன்றைக்கு மஞ்சள் சட்டை. அதைப் போட்ட முதல் பிரிட்டிஷ்காரர் இவர்தான். ஒரே ஒரு நாள்தான் போட்டார். ஆனாலும் முதல் ஆள் முதல் ஆள்தானே! 1964-இல் இத்தாலியின் மிலான் - சான் ரெமோ பந்தயத்தையும் ஜெயித்தார்.

1965-ஆம் ஆண்டு ஸ்பெயினில் சான் செபாஸ்டியன் அருகே உலக சாம்பியன்ஷிப் சாலைப் பந்தயம் நடந்தது. கடைசியில் டாம் சிம்ப்சனும் ஜெர்மனியின் ரூடி ஆல்டிக்கும் மட்டும் மற்றவர்களை விட்டு முன்னால் வந்துவிட்டார்கள். கோட்டை முதலில் தொட்டவர் சிம்ப்சன். உலக சாம்பியன்! மளிகைச் சாமான் போட்ட பையன் உலக சாம்பியன் ஆனார். அந்த வருஷம் இங்கிலாந்தின் சிறந்த விளையாட்டு வீரர் என்று பி.பி.சி. விருதும் கிடைத்தது.

1966-இல் பனிச்சறுக்கு விளையாடப் போய்க் காலை உடைத்துக்கொண்டார். பாதி வருஷம் வீணாகப் போச்சு. வருமானமும் குறைந்தது. அதனால் 1967 டூர் பந்தயத்தில் எப்படியாவது நல்ல இடம் பிடித்தே ஆகணும் என்று முடிவு செய்தார். அந்த முடிவுதான் எமனாக வந்தது.

அந்த வியாழக்கிழமை

1967 ஜூலை 13. மார்செய் நகரிலிருந்து கார்பென்ட்ரா நகர் வரை அன்றைய பந்தயம். தூரம் 211 கிலோமீட்டருக்கு மேல். சென்ட்ரலிலிருந்து ஜோலார்பேட்டை வரை ரயில் போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஒரே நாளில் சைக்கிளில்! நடுவில் வான்டூ என்ற மலை. உயரம் 1,900 மீட்டருக்கு மேல், நம்ம ஏற்காட்டை விட அதிகம். ஏற்றம் மட்டும் சுமார் 21 கிலோமீட்டர். கீழே காடு இருக்கும். மேலே போகப் போக ஒரு மரம் கிடையாது, புல் கிடையாது. வெறும் வெள்ளைச் சுண்ணாம்புக் கல். மேலேயிருந்து சூரியன் சுடும், கீழேயிருந்து கல் சுடும். மொட்டைமாடியில் வடாம் காயப்போடும் நேரத்தில் செருப்பில்லாமல் நின்னு பார்த்தவங்களுக்குத் தெரியும்.

அன்றைக்கு வெயில் 40 டிகிரிக்கு மேல். (சென்னையில் 2003 மே 31 அன்று 45 டிகிரி அடித்தது, அதுதான் நம்ம சாதனை.) இவருக்கோ சில நாளாகவே வயிறு சரியில்லை, வயிற்றுப்போக்கு. சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை.

இதில் இன்னொரு கொடுமை கேளுங்கள். அந்தக் காலத்தில் ஒரு நாளைக்கு நாலு பாட்டில் தண்ணீர்தான் ஒரு வீரருக்கு. காரிலிருந்து வாங்கிக் குடிக்கக் கூடாது என்று விதி. நிறையத் தண்ணி குடித்தால் ஓட முடியாது என்று அப்போ நம்பினார்களாம்! தாகம் தாங்காமல் வீரர்கள் வழியில் இருக்கிற கடைகளுக்குள் புகுந்து கையில் கிடைத்ததை எடுத்துக் குடிப்பார்கள். சிம்ப்சன் அன்றைக்குக் குடித்ததில் பிராந்தியும் இருந்தது. மது உடம்பில் இருக்கிற நீரையும் வெளியேற்றிவிடும்.

மூன்றாவதாக, ஊக்க மாத்திரை. ஆம்ஃபெட்டமின் என்று பெயர். உடம்பு களைத்துவிட்டது என்று மூளைக்குத் தெரியாமல் மறைக்கிற மாத்திரை அது. அவர் சட்டைப் பையிலும் ரத்தத்திலும் அது இருந்ததைப் பின்னால் கண்டுபிடித்தார்கள்.

உச்சிக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். சைக்கிள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. விழுந்தார். கூட வந்த மெக்கானிக் இதோடு போதும் என்று தடுத்தார். இவர் கேட்கவில்லை, மறுபடியும் ஏற்றிவிடச் சொன்னார். ஏற்றிவிட்டார்கள். கொஞ்ச தூரம் போய் மறுபடி சாய்ந்தார். கைகள் ஹேண்டில்பாரை விடவே இல்லை. விரல்களைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. டாக்டர் வந்து ரொம்ப நேரம் போராடினார். ஹெலிகாப்டரில் அவின்யோன் நகர் மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். அங்கே அவர் இறந்துவிட்டதாக அறிவித்தார்கள். வயசு 29.

மறுநாள் மற்ற வீரர்கள் யாரும் போட்டி போடவில்லை. அவர் நாட்டுக்காரரான பாரி ஹோபனை முன்னால் போக விட்டார்கள். விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் நினைவுக்கல் வைத்திருக்கிறார்கள். அந்த வழியாகப் போகிற சைக்கிள்காரர்கள் இறங்கி நின்று தொப்பியோ தண்ணீர் பாட்டிலோ வைத்துவிட்டுப் போகிறார்கள். செத்தவருக்குத் தண்ணீர் பாட்டில்! அதைப் படிச்சப்போ எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

எங்கள் வகுப்பில் நடந்த சண்டை

இந்தக் கதையை நான் வகுப்பில் சொன்னதும் பெரிய வாக்குவாதமே வந்துவிட்டது. மாத்திரை போட்டவர் எப்படி வீரர் ஆவார் என்று ஒரு கட்சி. அப்போ நிறையப் பேர் போட்டாங்க, இவரை மட்டும் குத்தம் சொல்லலாமா என்று ஒரு கட்சி. கடைசி வரைக்கும் சைக்கிளை விடலையே, அதுதான் வீரம் என்று மூன்றாவது கட்சி. மணி அடிச்சும் நிக்கலை!

என் கருத்தைச் சொல்கிறேன். அவர் திறமைசாலி, அதில் சந்தேகம் இல்லை. மாத்திரை போட்டது தப்பு, அதிலும் சந்தேகம் இல்லை. பிரான்ஸ் நாட்டில் 1965-லேயே அதற்கு எதிராகச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் சைக்கிளை விடாததை மட்டும் வீரம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. வெயில், வயிற்றுப்போக்கு, நாலு பாட்டில் விதி, பிராந்தி, மாத்திரை எல்லாம் சேர்ந்துதான் அவரைக் கொன்றன. இதில் ஒன்றிரண்டு இல்லாமல் போயிருந்தால்கூட அந்த இரண்டு பெண் குழந்தைகளுக்கு அப்பா இருந்திருப்பாரோ என்னவோ.

அவர் சாவுக்குப் பிறகு, 1968 டூர் பந்தயத்தில் தினமும் ஊக்க மருந்து சோதனை வைத்தார்கள். தண்ணீர் விதியும் பிற்காலத்தில் போய்விட்டது. 2016-இல் கத்தார் நாட்டின் தோஹாவில் உலக சாம்பியன்ஷிப் நடந்தபோது பாலைவன வெயிலுக்குப் பயந்து அக்டோபர் மாதத்தில் வைத்தார்கள். அப்பவும் வெயில் பற்றித்தான் ரசிகர்களுக்குள் பேச்சு. இப்போது வெயில் அளவு மீறினால் பந்தய தூரத்தைக் குறைக்கவோ நிறுத்தவோ விதி இருக்கிறது.

நமக்கு என்ன?

நாம டூர் டி பிரான்ஸ் போகப் போவதில்லை. ஆனால் வெயில் நம்மிடம் தினமும் வருகிறது. எங்க சித்தப்பா சைக்கிளில் தண்ணீர் கேன் போடுகிறவர். போன கத்திரி வெயிலில் மதியம் ஒரு மணிக்கு மூணாவது மாடி ஏறி இறங்கியவர் தெருவிலேயே மயங்கி விழுந்துவிட்டார். அவர் சுமந்தது முழுக்க தண்ணீர், அவர் குடித்ததோ காலையில் ஒரு டீ மட்டும்! நல்லவேளை, பக்கத்துக் கடை அக்கா நிழலுக்கு இழுத்துத் தலையிலும் உடம்பிலும் தண்ணீர் ஊற்றி விசிறியதால் பிழைத்துக்கொண்டார்.

வியர்வை காயும்போதுதான் நம்ம உடம்பு குளிர்கிறது. தண்ணீர் குடிக்காவிட்டால் வியர்வை குறையும், உடம்பு உள்ளுக்குள்ளேயே கொதிக்கும். 40 டிகிரிக்கு மேல் உடம்புச் சூடு போனால் மூளையே தடுமாறும். அப்போ அவங்களுக்கே தனக்கு என்ன ஆகுதுன்னு தெரியாது. அதனால் பக்கத்தில் இருக்கிறவங்கதான் நிறுத்தணும். பேச்சு குழறினால், தள்ளாடினால், உடனே நிழலுக்குக் கொண்டு போங்கள், ஈரத்துணி போடுங்கள், விசிறுங்கள், 108-க்குப் போன் பண்ணுங்கள். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பாத்ரூம் போகணுமே என்று காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் தண்ணியே குடிக்காமல் இருக்கிறவங்க நம்மில் எத்தனை பேர்? கையை உயர்த்துங்கள் பார்ப்போம். நானும் அதில் ஒருத்திதான். சிம்ப்சனுக்காவது நாலு பாட்டில் கிடைத்தது. நாம ஒரு பாட்டிலையே அப்படியே வீட்டுக்குத் திருப்பி எடுத்துட்டுப் போறோம். பாத்ரூம் சுத்தமா இருந்தால் நாம தண்ணி குடிப்போம். அதை எல்லா வகுப்புப் பெண்களும் ஒண்ணா சேர்ந்து தலைமையாசிரியரிடம் கேட்போம். விளையாட்டு விழாவுக்கு ஓட்டப் பயிற்சியைக் காலையிலேயே வைத்துக்கொள்ளவும் கேட்போம்.

பதினொன்றாம் வகுப்பு போனால் நமக்கெல்லாம் அரசாங்க சைக்கிள் கிடைக்கும். சிம்ப்சன் மாதிரி வேகமாக மிதியுங்கள். ஆனால் தாகம் எடுத்தால் இறங்கி நின்று தண்ணீர் குடியுங்கள். உச்சி எங்கேயும் ஓடிப் போகாது.

இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி,
திருமுல்லைவாயில்.