மகாதேவன் சதாசிவம்

மகாதேவன் சதாசிவம் (அக்டோபர் 18, 1915 - ஜூலை 9, 1977) இலங்கைத் தமிழ்த் துடுப்பாட்டக்காரர் ஆவார். சதா என்று அழைக்கப்பட்ட இவர், இலங்கை தோற்றுவித்த தலைசிறந்த மட்டையாளர்களுள் ஒருவராகக் கருதப்படுகிறார். மனைவியைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு 1953 இல் விடுதலை செய்யப்பட்டார்.

துடுப்பாட்டம்

கொழும்பு வெஸ்லி கல்லூரியில் பயின்ற சதாசிவம், தமிழ் யூனியன் கழகத்துக்காக ஆடினார். வலதுகை மட்டையாளரான இவர் வலிமையை விட நேரக்கணிப்பையே நம்பினார். இரவு விருந்துகளில் பொழுதைக் கழித்துவிட்டு மறுநாள் காலை களமிறங்கி ஓட்டங்களைக் குவிப்பார் என்ற பெயரும் இவருக்கு இருந்தது.

இலங்கையும் தமிழகமும் தலைமன்னார் - தனுஷ்கோடி கப்பலாலும் இராமேசுவரம் தீவைக் கடந்து சென்ற தொடருந்தாலும் இணைந்திருந்த காலம் அது. 1947 இல் சென்னை சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக இவர் 215 ஓட்டங்கள் எடுத்தார். தமிழக இரசிகர்கள் இவரை நெடுநாள் நினைவில் வைத்திருந்தது இந்த ஆட்டத்துக்காகவே.

1948 மார்ச்சில் கொழும்பு ஓவலில் பிராட்மனின் ஆசுதிரேலிய அணியை எதிர்த்த இலங்கை அணிக்குத் தலைமை தாங்கினார். ஆடுகளத்தின் நீளம் 22 கசத்துக்குப் பதில் 20 கசமே இருந்ததாகக் கண்டறியப்பட்டதும் இந்த ஆட்டத்தில்தான். 1950 இல் பொதுநலவாய அணிக்கு எதிராக 96 ஓட்டங்கள் எடுத்தார். மேற்கிந்தியத் தீவுகளின் பிராங்க் வொரல் இவரை மிக உயர்வாக மதித்தார்.

கொலை வழக்கு

1951 அக்டோபர் 9 அன்று சதாசிவத்தின் மனைவி கொழும்பு பம்பலப்பிட்டியில் உள்ள வீட்டில் கழுத்து நெரிக்கப்பட்டு இறந்து கிடந்தார். அவர் மணமுறிவு கோரி வழக்குத் தொடர்ந்திருந்தமையால் ஐயம் கணவர் மேல் விழுந்தது. அண்மையில் வேலைக்குச் சேர்ந்திருந்த பணியாள், சதாசிவத்தின் ஏவலால் தானும் கொலைக்கு உதவியதாகக் கூறி, மன்னிப்புப் பெற்று அரச தரப்புச் சாட்சியானார்.

வழக்கு முழுவதும் இறப்பு நேர்ந்த நேரத்தைச் சுற்றியே அமைந்தது. சதாசிவம் அன்று முற்பகலில் வாடகை மகிழுந்தில் வீட்டை விட்டு வெளியேறியிருந்தார். இறப்பு அதற்கு முன்னரே நிகழ்ந்திருக்கலாம் என்பது அரச தரப்பு மருத்துவரின் கணிப்பு. எடின்பரோவிலிருந்து வரவழைக்கப்பட்ட தடயவியல் மருத்துவ அறிஞர் சர் சிட்னி சுமித் இதை மறுத்துச் சாட்சியம் அளித்தார். எதிரிக்காக வாதாடியவர் இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா. (இவர் 1942 இல் போகம்பரைச் சிறையிலிருந்து தப்பி இந்தியாவுக்கு வந்தவர்.) 57 நாட்கள் நீடித்த விசாரணையின் முடிவில், 1953 ஜூன் 25 அன்று ஜூரிகள் சதாசிவம் குற்றவாளி அல்லர் என ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அதற்குள் அவர் 20 மாதங்களை விளக்கமறியலில் கழித்திருந்தார்.

இவ்வழக்கைப் பற்றி எழுதுவோர் பலர் குற்றச்சாட்டை விரித்துரைத்து, தீர்ப்பை ஒரு வரியில் முடித்துவிடுகின்றனர்.

பிற்காலம்

விடுதலைக்குப் பின் நாட்டை விட்டுச் சென்ற சதாசிவம், சிங்கப்பூர், மலாயா அணிகளுக்குத் தலைமை தாங்கினார். இவ்வாறு மூன்று நாடுகளின் அணிகளுக்குத் தலைவராக இருந்தவர் என்ற அரிய பெருமை இவருக்கு உண்டு. பின்னர் நாடு திரும்பி மறுமணம் செய்து வாழ்ந்தார். 1977 இல் கொழும்பில் காலமானார். இலங்கைக்குத் தேர்வுத் தகுதி கிடைத்தது 1981 இல். அதன் முதல் தேர்வு ஆட்டம் 1982 இல் இவரது கழகத் திடலான அதே ஓவலில் நடைபெற்றது.