ஜோசப் கொன்ராட்

ஜோசப் கொன்ராட் (டிசம்பர் 3, 1857 – ஆகஸ்டு 3, 1924) போலிய இனத்தைச் சேர்ந்த ஆங்கிலப் புதின எழுத்தாளர் ஆவார். கடல் வாழ்க்கையைக் களமாகக் கொண்ட புதினங்களால் புகழ் பெற்றார். ஆங்கிலம் இவரது தாய்மொழி அன்று. போலியம், பிரெஞ்சு ஆகியவற்றுக்குப் பின்னர் இருபது வயதளவில் கற்கத் தொடங்கிய மூன்றாவது மொழியாகும்.

இளமை

அன்றைய உருசியப் பேரரசின் பெர்டிச்சிவ் நகரில் (இன்றைய உக்ரைன்) பிறந்தார். இயற்பெயர் யூசெஃப் தியோடர் கொன்ராட் கொர்செனியோவ்ஸ்கி. கவிஞரும் மொழிபெயர்ப்பாளருமான தந்தை அப்பல்லோ, உருசிய ஆட்சிக்கு எதிரான நடவடிக்கைகளுக்காக 1862 இல் குடும்பத்துடன் வோலக்தாவுக்கு நாடுகடத்தப்பட்டார். தாய் 1865 இலும் தந்தை 1869 இலும் காலமாயினர். அதன் பின்னர் தாய்மாமன் ததேயுஸ் பொப்ரோவ்ஸ்கி இவரைப் பேணி வளர்த்தார்.

விக்டர் ஹியூகோவின் கடல் புதினம் ஒன்றைத் தந்தை போலியத்தில் மொழிபெயர்த்தபோது, அதன் அச்சுப்படிகளைச் சிறுவன் கொன்ராட் உரக்கப் படித்தார். கடலைக் காணும் முன்னரே கடலின் சொற்கள் இவருக்கு அறிமுகமாயின.

கப்பலும் மொழியும்

1874 இல் மார்சேய் துறைமுகத்துக்குச் சென்று பிரெஞ்சுக் கப்பல்களில் பணியாற்றினார். 1878 இல் பிரித்தானியக் கப்பலொன்றில் சேர்ந்து இங்கிலாந்தின் லோஸ்டாஃப்ட் துறைமுகத்தை அடைந்தார். அப்போது இவருக்கு ஆங்கிலம் மிகச் சிறிதளவே தெரியும். கரையோரக் கப்பலில் உடன் பணிபுரிந்த மாலுமிகளின் பேச்சே இவரது முதற் பாடநூல் எனலாம். கயிறு, பாய், காற்று ஆகியவற்றுக்குரிய சொற்களை அவற்றைக் கையாளும் வேலையோடு சேர்த்தே கற்றார். கட்டளையைத் தவறாகப் புரிந்துகொண்டால் உயிருக்கே ஆபத்து நேரக்கூடிய சூழல் அது.

1884 இல் ரிவர்ஸ்டேல் கப்பலில் சென்னைக்கு வந்தார். கப்பல் தலைவருடன் ஏற்பட்ட பிணக்கால் அங்கேயே பணியிலிருந்து நீங்கி, பம்பாய் சென்று நார்சிசஸ் கப்பலில் சேர்ந்தார். ஒருமுறை தோல்வியுற்ற பின்னர், 1886 இல் கப்பல் தலைவர் தேர்வில் தேறினார். அவ்வாண்டிலேயே பிரித்தானியக் குடியுரிமையும் பெற்றார்.

சொல்லும் உருவகமும்

முதற் புதினம் 1895 இல் வெளிவந்தது. கொன்ராட்டின் கதைகளில் கலைச்சொற்கள் அகராதி விளக்கமாக அல்லாமல் செயலின் வழியே பொருள் தருகின்றன. அதனால் கடலறியாத வாசகரும் அவற்றை ஊகித்து அறிய முடிகிறது.

1906 இல் வெளியான கடல் நினைவுக் கட்டுரை நூலில், நங்கூரத்தை எறிந்ததாக எழுதும் செய்தியாளர்களைக் கடிந்துகொள்கிறார். கப்பலின் பக்கத்தில் தயாராகத் தொங்கும் நங்கூரம் எறியப்படுவதில்லை, விடப்படுகிறது என்பது இவரது வாதம். மாலுமிகளின் மொழி தலைமுறைகளின் அனுபவத்தால் செம்மையுற்ற கருவி என்று இவர் கருதினார்.

இச்செம்மையிலிருந்தே இவரது உருவகங்கள் பிறக்கின்றன. லார்ட் ஜிம் (1900) புதினத்தில் கப்பல் அதிகாரி ஒருவன், மூழ்கப்போவதாக நம்பிய கப்பலிலிருந்து பயணிகளைக் கைவிட்டுக் குதிக்கிறான். குதித்தல் என்னும் எளிய வினைச்சொல் பின்னர் அவன் வாழ்நாள் முழுதும் தொடரும் அறவீழ்ச்சியின் குறியீடாகிறது. டைஃபூன் (1902) கதையின் கப்பல் தலைவர் மக்வேருக்கோ உருவக வழக்கே புரிவதில்லை. வெக்கையைப் பற்றித் துணை அதிகாரி மிகைபடக் கூறுவதை அவர் நேர்ப்பொருளில் கொண்டு குழம்புகிறார். புயலைத் தவிர்க்கும் வழி கூறும் நூலையும் வெறுஞ்சொல்லாக எண்ணிப் புயலுக்குள்ளேயே கப்பலைச் செலுத்துகிறார்.

விமர்சனங்கள்

ஆங்கிலத்தில் எழுதித் தாய்நாட்டைப் புறக்கணித்தார் என்று போலிய எழுத்தாளர் எலீசா ஒசெஷ்கோவா 1899 இல் குற்றஞ்சாட்டினார். இது கொன்ராட்டை ஆழமாகப் புண்படுத்தியது. காங்கோ பயணத்தின் (1890) அடிப்படையில் எழுதிய இருளின் இதயம் ஆப்பிரிக்கர்களை மனிதராகக் காட்டவில்லை என்று நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபே 1975 இல் கண்டித்தார்.

இறுதிக்காலம்

1924 இல் வழங்க முன்வந்த சர் பட்டத்தை ஏற்க மறுத்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் கென்ட் மாவட்டத்தின் பிஷப்ஸ்போர்ன் ஊரில் காலமானார். உடல் கேன்டர்பரியில் அடக்கம் செய்யப்பட்டது. ஆங்கில உரைநடையின் முன்னோடிகளுள் ஒருவராக மதிக்கப்படும் கொன்ராட், அம்மொழியை இறுதிவரை அயல்நாட்டு உச்சரிப்புடனேயே பேசினார்.