தாமஸ் மன்றோ

சர் தாமஸ் மன்றோ (மே 27, 1761 – ஜூலை 6, 1827) கிழக்கிந்தியக் கும்பினியின் படை அதிகாரியாகவும் வருவாய்த் துறை நிர்வாகியாகவும் பணியாற்றி, 1820 முதல் இறக்கும் வரை சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்தவர். தென்னிந்தியாவில் இரயத்துவாரி நிலவரி முறை நிலைபெற இவரே முதன்மைக் காரணர் எனக் கருதப்படுகிறார். தமிழகத்திலும் இராயலசீமையிலும் இவரைப் பற்றிய கதைகள் பல வழங்குகின்றன. அவற்றுள் சில, ஆண்டுகளை ஒப்பிட்டாலே பொருந்தாதவை.

பெயர்க் குழப்பம்

மன்றோ என்ற பெயரில் மூன்று ஆங்கிலேயப் படை அதிகாரிகள் தென்னிந்திய வரலாற்றில் இடம்பெறுகின்றனர். 1764-இல் பக்சார் போரில் வென்றவரும், 1780-இல் பொள்ளிலூரில் அழிந்த பெய்லியின் படைக்கு உதவத் தவறிக் காஞ்சிபுரத்திலிருந்து பின்வாங்கியவரும் சர் ஹெக்டர் மன்றோ ஆவார். திருவிதாங்கூரின் ரெசிடென்டாகவும் திவானாகவும் இருந்தவர் கர்னல் ஜான் மன்றோ. கொல்லம் அருகே உள்ள மன்றோ தீவு இவர் பெயரையே கொண்டுள்ளது. இக்கட்டுரை இவ்விருவரையும் பற்றியதன்று. எனினும் இளைஞரான தாமஸ் 1780-இல் ஹெக்டர் மன்றோவின் படையில் பணியாற்றியதால் இருவரையும் ஒருவராக எண்ணும் பிழை எளிதில் நேர்கிறது.

இளமையும் படைப்பணியும்

மன்றோ ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தை அலெக்சாந்தர் மன்றோ வர்ஜீனியாவுடன் புகையிலை வாணிகம் செய்தவர். அமெரிக்க விடுதலைப் போரால் அவ்வாணிகம் முறிந்தது, குடும்பம் வறுமையுற்றது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பயின்ற மகன் 1779-இல் காலாட்படைப் பயிற்சி வீரனாகக் கும்பினியில் சேர்ந்து, 1780 சனவரியில் சென்னையை அடைந்தார். அதே ஆண்டில் ஐதர் அலியின் படையெடுப்பு நிகழ்ந்தது. நான்கு ஆண்டுகள் போரிலேயே கழிந்தன.

போருக்குப் பின் இவர் பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றார். இக்கல்வியே இவர் வாழ்வைத் திருப்பியது. 1788-இல் கேப்டன் அலெக்சாந்தர் ரீடின் கீழ் உளவுத் துறையில் உதவியாளராக அமர்த்தப்பட்டார்.

பாராமகாலில்

மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792-ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி, திப்பு சுல்தான் பாராமகாலையும் சேலத்தையும் கும்பினிக்கு விட்டுக்கொடுத்தார். சேர்வராயன் மலையும் அதில் இன்று ஏற்காடு, கொட்டச்சேடு முதலிய ஊர்கள் அமைந்துள்ள பகுதியும் இவ்வாறே கும்பினியின் ஆட்சிக்கு உட்பட்டன. சென்னையிலிருந்த குடிமைப் பணியாளருள் நாட்டு மொழி அறிந்தவர் அரியராக இருந்தமையால், தலைமை ஆளுநர் காரன்வாலிஸ் புதிய நிலப்பகுதியைப் படை அதிகாரிகளிடமே ஒப்படைத்தார். ரீட் கண்காணிப்பாளர் ஆனார். மன்றோ, மக்லியோட், கிரகாம் ஆகிய மூவரும் அவர்தம் துணைவர்கள். மன்றோவுக்கு நடுப்பகுதி கிடைத்தது. தருமபுரியில் தங்கித் தோட்டம் ஒன்றை வளர்த்த இவர், பின்னாளில் அவ்வூரைப் பிரிய நேர்ந்ததற்கு வருந்தினார்.

ஏழு ஆண்டுகள் இவர் ஊர் ஊராகச் சென்று நிலத்தை அளந்து, மண்ணின் தரத்தைப் பகுத்து, உழவர் ஒவ்வொருவருடனும் நேரே தீர்வை முடிவு செய்யும் வேலையில் ஈடுபட்டார். இடையில் சமீன்தாரோ குத்தகைதாரரோ இல்லாமல் பயிரிடுவோரிடமே அரசு வரி பெறுவதுதான் இரயத்துவாரி முறையின் சாரம். ஆண்டுதோறும் பயிரிட்ட நிலத்துக்கு ஏற்பக் கணக்கை முடிப்பது ஜமாபந்தி எனப்பட்டது. இச்சொல் இன்றும் தமிழக வட்டாட்சியர் அலுவலகங்களில் வழக்கில் உள்ளது.

இம்முறையை உருவாக்கியவர் மன்றோ என்று பாடநூல்கள் பலவும் கூறுகின்றன. இது முழுதும் சரியன்று. உழவர் தாம் விரும்பும் நிலத்தை வைத்துக்கொள்ளவும் விரும்பாததை விடவும் உரிமை அளித்த 1796-ஆம் ஆண்டின் அறிவிப்பு ரீடினுடையது. பாராமகால் ஆவணங்களில் ரீடும் அவருடைய துணைவர்களும் இம்முறையின் நன்மை தீமைகளைப் பற்றி நீண்ட வாதம் நடத்தியுள்ளனர். தொடக்கத்தில் மன்றோ அனைத்திலும் ரீடுடன் உடன்பட்டவர் அல்லர். 1799-க்குப் பின் ரீட் இந்தியாவை விட்டு நீங்கினார். மன்றோவோ தொடர்ந்து அம்முறைக்காக வாதாடினார், வென்றார், ஆளுநரும் ஆனார். 1830-இல் கிளெய்க் எழுதிய மன்றோவின் வாழ்க்கை வரலாறு, குடும்பத்தார் அளித்த கடிதங்களை அடிப்படையாகக் கொண்டது. ரீடுக்கு அவ்வாறான நூல் அமையவில்லை. புகழ் ஒருவர் பக்கமே சாய்ந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். 1966-இல் பீகிள்ஹோலும் 1989-இல் பர்ட்டன் ஸ்டைனும் வெளியிட்ட ஆய்வு நூல்கள் பாராமகால் காலத்தை மீண்டும் ஆராய்ந்துள்ளன.

இராயலசீமையில்

திப்புவின் வீழ்ச்சிக்குப் பின் மைசூர் நாட்டைப் பிரித்த ஆணையத்துக்கு மன்றோவும் ஜான் மால்கமும் செயலாளர்களாக இருந்தனர். பின்னர் சிறிது காலம் கன்னட நாட்டுக் கடற்கரையில் ஆட்சியராக இருந்தார். அது இவர் விரும்பிய பணியன்று. 1800-இல் ஐதராபாத் நிசாம் ஒப்படைத்த பெல்லாரி, கடப்பை, அனந்தபூர்ப் பகுதிகளுக்கு முதன்மை ஆட்சியராக நியமிக்கப்பட்டு 1807 வரை பணியாற்றினார். அங்கிருந்த பாளையக்காரர் ஏறத்தாழ 80 பேரைப் படைபலத்தாலும் ஓய்வூதியத்தாலும் அடக்கினார். ஏழு ஆண்டுகளில் அப்பகுதியின் வரி வருவாய் ஏறத்தாழ பாதியளவு கூடியது.

இவ்வெண்ணுக்கு மறுபக்கமும் உண்டு. விளைச்சலில் ஏறத்தாழ 45 விழுக்காடு அரசின் பங்காக இருந்தது. அது மிகை என்பதை மன்றோவே உணர்ந்து, 1807-இல் விடைபெறும்போது தீர்வையில் நான்கில் ஒரு பங்கைக் குறைக்குமாறு பரிந்துரைத்தார். அரசு அப்போது அதை ஏற்கவில்லை. மாறாக ஊர்க் குத்தகை முறையைக் கொண்டுவந்தது. சேலம் மாவட்டத்திலோ அதற்குள் நிலங்கள் மிட்டாக்களாகப் பிரித்து ஏலம் விடப்பட்டிருந்தன. மிட்டாதாரர் பலர் கிஸ்தி கட்ட இயலாமல் தோற்றனர்.

ஆளுநர் பதவி

மன்றோ 1807-இல் பிரித்தானியா திரும்பினார். 1813-இல் நாடாளுமன்றத்தில் கும்பினியின் ஆட்சி பற்றிச் சாட்சியம் அளித்தார். 1814-இல் ஜேன் கேம்பெல் என்பாரை மணந்து, நீதித்துறைச் சீர்திருத்த ஆணையத்தின் தலைவராக மீண்டும் சென்னை வந்தார். ஊர் முன்சீப்புகளுக்கும் பஞ்சாயத்துகளுக்கும் அதிகாரம் அளித்த 1816-ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் இவ்வாணையத்தின் விளைவாகும். 1817–18 மராத்தியப் போரில் சிறு படையுடன் தென் மராத்தியப் பகுதிகளைக் கைப்பற்றினார்.

1820 சூனில் ஆளுநர் பொறுப்பேற்றார். இரயத்துவாரி முறை குறைந்த தீர்வையுடன் மாகாணத்தின் பெரும்பகுதிக்கு விரிவாக்கப்பட்டது. ஆயினும் கீழ்நிலை அலுவலரின் கொடுமை ஒழியவில்லை. வரி வசூலில் உழவர் சித்திரவதை செய்யப்பட்டதை 1855-இல் ஓர் அரசு ஆணையமே உறுதி செய்தது. இம்முறையை மதிப்பிடும்போது இதனையும் சேர்த்தே நோக்கவேண்டும்.

1822-இல் இவர் மாகாணத்தின் நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826-ஆம் ஆண்டுக் குறிப்பின்படி 12,498 பள்ளிகளில் 1,88,650 மாணவர் பயின்றனர். தரம்பால் 1983-இல் வெளியிட்ட நூல் இக்கணக்கெடுப்பை விரிவாகப் பயன்படுத்தியது. உயர் பதவிகளில் இந்தியரை விலக்கி வைப்பது அவர்தம் தன்மதிப்பைக் குலைக்கும் என்பது மன்றோவின் கருத்து.

ஏற்காடும் 1842-உம்

ஏற்காட்டை 1842-இல் ஆளுநர் தாமஸ் மன்றோ கண்டறிந்தார் என்ற செய்தி சுற்றுலாக் கையேடுகளிலும் இணையப் பக்கங்களிலும் தொடர்ந்து படியெடுக்கப்படுகிறது. மன்றோ 1827-இலேயே இறந்துவிட்டார். ஆகவே அக்கூற்று ஆண்டாலும் ஆளாலும் தவறு. அன்றியும் அம்மலையில் மலையாளி எனப்படும் பழங்குடியினர் ஐரோப்பியர் வருமுன்பே வாழ்ந்துவந்தனர். சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தியவராகக் கூறப்படுவர் அப்போதைய சேலம் ஆட்சியர் காக்பர்ன் ஆவார். அவர் 1820 முதல் 1829 வரை அப்பதவியில் இருந்தார். அவ்வாண்டுகளுள் ஏழில் மன்றோ ஆளுநராக இருந்தமையே இக்குழப்பத்தின் வேராக இருக்கக்கூடும்.

இறப்பும் நினைவுச் சின்னங்களும்

பதவி விலகல் கடிதம் அளித்துவிட்டுப் புதிய ஆளுநருக்காகக் காத்திருந்த காலத்தில், மன்றோ தாம் முன்பு ஆண்ட மாவட்டங்களைக் காணப் புறப்பட்டார். வழியில் இன்றைய கர்நூல் மாவட்டத்துப் பத்திகொண்டாவில் காலரா கண்டு, சூலை 6, 1827 அன்று இறந்தார். உடல் குத்தியில் அடக்கம் செய்யப்பட்டு, 1831-இல் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையிலுள்ள புனித மேரி தேவாலயத்துக்கு மாற்றப்பட்டது.

மந்திராலயத்தில் இராகவேந்திர சுவாமிகள் இவருக்குக் காட்சி தந்து மடத்தின் மானிய நிலம் பற்றி உரையாடினார் என்பது அடியார்களின் நம்பிக்கை. அவ்வூர் இவருடைய ஆட்சியர் எல்லைக்குள் இருந்ததால், மானிய விசாரணை தொடர்பாக இவர் அங்குச் சென்றிருக்க வாய்ப்பு உண்டு. காட்சி நம்பிக்கையைச் சார்ந்தது. திருமலைக் கோயிலில் நிவேதனத்துக்குப் பயன்படும் பாத்திரம் ஒன்றும் மன்றோ கங்காளம் என வழங்குகிறது.

சென்னைத் தீவுத்திடலில் உள்ள வெண்கலக் குதிரைச் சிலை சர் பிரான்சிஸ் சாந்திரே வடித்தது, 1839-இல் நிறுவப்பட்டது. குதிரைக்குச் சேணமும் அங்கவடியும் இல்லை. இவற்றை மறந்துவிட்டதை அறிந்த சிற்பி தற்கொலை செய்துகொண்டார் எனச் சென்னையில் ஒரு கதை உண்டு. உண்மையில் சாந்திரே 1841-இல் நோயால் இறந்தார். இலண்டன் டிராபால்கர் சதுக்கத்தில் உள்ள நான்காம் ஜார்ஜ் மன்னரின் சிலையிலும் அவர் சேணமும் அங்கவடியும் வைக்கவில்லை.