அங்கீகாரத்துக்கு முன்னால் ஒரு ஆஸ்பத்திரி: முத்துலட்சுமி ரெட்டியின் கதை

மருத்துவம் சார்ந்த எந்தப் படிப்பில் சேர்ந்தாலும், இன்று வீட்டில் கேட்கும் முதல் கேள்வி, ‘அங்கீகாரம் இருக்கா?’ என்பதுதான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி காலத்தில் கேள்வியே வேறு: ‘பொண்ணைச் சேர்த்துப்பாங்களா?’

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அங்கிருந்த மகாராஜா கல்லூரியில் அவரைச் சேர்க்க எதிர்ப்பு கிளம்பியது. மன்னரே தலையிட்டு இடம் கொடுத்தார். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுழைந்து, 1912-ல் டாக்டராக வெளியே வந்தார். பிறகு சென்னை மாகாண சட்டசபையின் முதல் பெண் உறுப்பினரும் துணைத் தலைவரும் ஆனார்.

உடன்பிறந்த சகோதரியைப் புற்றுநோய் பறித்தது அவரை உலுக்கியது. இந்த நோய்க்குத் தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று 1935-லேயே கேட்டார். கிடைக்கப் பல வருஷமானது. 1952-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1954-ல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை திறந்தது. அப்போது அவருக்கு 67 வயது.

1968-ல் அவர் மறைந்தார். 1984-ல் அதே இடத்தில், புற்றுநோய் மருத்துவத்துக்கான டி.எம்., எம்.சிஎச். உயர் படிப்புகள் நாட்டிலேயே முதன்முதலாகத் தொடங்கின.

அங்கீகாரம் என்பது வெறும் முத்திரை இல்லை. கற்றுக்கொள்ளப் போதுமான நோயாளிகள், கற்றுத்தர ஆசிரியர்கள், கருவிகள் எல்லாம் இருக்கா என்ற சோதனை அது. அடையாறில் அதற்கான அடித்தளம் 30 வருஷம் முன்பே போடப்பட்டுவிட்டது.

மூச்சு சிகிச்சை (ரெஸ்பிரேட்டரி தெரபி) போன்ற துணை மருத்துவப் படிப்புகளுக்குப் பொதுத் தரம் வகுக்கும் தேசிய ஆணையச் சட்டம் வந்தது 2021-ல்தான். சேர்வதற்கு முன் கல்லூரிக் கட்டடத்தை மட்டும் பார்க்காதீங்க. பயிற்சி தரும் ஆஸ்பத்திரி எது என்றும் கேளுங்க.