காரீயத் தூசியைத் துரத்திய டாக்டர்

பழைய வீட்டு ஜன்னல்களில் பெயின்ட் அப்பளம் போல உரிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதை நகத்தால் பெயர்த்து எடுப்பது உங்களில் பலருக்கு விளையாட்டு. அந்தப் பெயின்டில் காரீயம் என்ற உலோகம் கலந்திருந்தால், அது ஆபத்தான விளையாட்டு. காரீயம் ஒரு விஷம். (நீங்கள் எழுதும் பென்சிலில் இருப்பது காரீயம் அல்ல, அது கிராஃபைட். பயப்பட வேண்டாம்!)

இந்த விஷம் மனிதர்களை எப்படித் தாக்குகிறது என்று கண்டறிய, தொழிற்சாலை தொழிற்சாலையாக ஏறி இறங்கினார் ஒரு பெண் டாக்டர். அவர்தான் ஆலிஸ் ஹாமில்டன்.

1869ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் தேதி, அமெரிக்காவின் நியூயார்க் நகரில் ஆலிஸ் பிறந்தார். இண்டியானா மாநிலத்தில் உள்ள ஃபோர்ட் வெய்ன் என்ற ஊரில் வளர்ந்தார். சிறு வயதில் அவர் பள்ளிக்கூடம் போகவில்லை. சகோதரிகளோடு வீட்டிலேயே படித்தார். பெண்கள் டாக்டர் ஆவது அபூர்வமாக இருந்த அந்தக் காலத்தில், 1893இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

மேற்படிப்புக்காக ஜெர்மனி சென்றார். அங்கே வகுப்பில் உட்கார அனுமதித்தார்கள். ஆனால் யார் கவனத்தையும் கவராமல் ஒதுங்கியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை! ஆலிஸ் அதையும் பொறுத்துக்கொண்டு படித்தார்.

1897இல் ஆலிஸ் சிகாகோ நகரத்திற்கு வந்தார். அங்கே ஜேன் ஆடம்ஸ் என்ற சமூக சேவகி நடத்திய 'ஹல் ஹவுஸ்' என்ற சேவை இல்லத்தில் தங்கினார். சுற்றிலும் இத்தாலி, போலந்து போன்ற நாடுகளிலிருந்து பிழைக்க வந்த ஏழைத் தொழிலாளர்களின் வீடுகள். அந்த வீட்டுக் குழந்தைகளுக்காக ஆலிஸ் ஒரு சிறிய மருத்துவ நிலையம் தொடங்கினார். தாய்மார்கள் தூக்கி வரும் கைக்குழந்தைகளைத் தானே குளிப்பாட்டுவார்.

அந்தக் குழந்தைகளின் தந்தையர் பலர் நோயில் வாடுவதை ஆலிஸ் கவனித்தார். சிலருக்குத் தாங்க முடியாத வயிற்றுவலி. சிலருக்கு மணிக்கட்டு தளர்ந்து, கை தொங்கிப் போயிருந்தது. வேலை செய்யும் இடத்தில்தான் ஏதோ விஷம் இருக்கிறது என்று ஆலிஸ் சந்தேகித்தார்.

இலினாய் மாநில அரசு, தொழில் நோய்களைப் பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்தது. 1910இல் அந்த ஆய்வை நடத்தும் பொறுப்பு ஆலிஸிடம் வந்தது. காரீயத்தை ஆராயும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். தொழிற்சாலைக்குள் நுழைந்து சோதனை போடும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. முதலாளிகள் சம்மதித்தால்தான் உள்ளே போக முடியும். ஆகவே, தொழிலாளர்களின் வீடுகளுக்கே போய் விசாரித்தார். மருந்துக் கடைக்காரர்கள், பாதிரியார்கள் என்று எல்லோரிடமும் கேட்டார். மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டினார்.

ஒருமுறை, காரீய விஷத்தால் கை செயலிழந்த ஒரு போலந்துக்காரரை மருத்துவமனையில் பார்த்தார். அவர் குளியல் தொட்டிகளுக்கு எனாமல் பூசுபவர். ஆலிஸ் உடனே அந்தத் தொழிற்சாலைக்குப் போனார். எல்லாம் சுத்தமாக இருந்தது. காரீயம் எங்கும் தென்படவில்லை. ஆனாலும் அவர் விடவில்லை. நோயாளியைத் தேடிப் போய் மறுபடியும் விசாரித்தார். அப்போதுதான் உண்மை புரிந்தது. அவர் பார்த்தது கடைசிக் கட்ட வேலை மட்டுமே. எனாமல் பூசும் பகுதி வேறு இடத்தில் இருந்தது. அங்கே, நெருப்பாய்ப் பழுத்த தொட்டிகள்மீது தொழிலாளர்கள் எனாமல் பொடியைத் தூவினார்கள். காற்றெல்லாம் தூசி. அந்தப் பொடியைச் சோதித்தபோது அதில் காரீயம் நிறைய இருந்தது!

தொழிலாளர்கள் கை கழுவாமல் சாப்பிடுவதால்தான் நோய் வருகிறது என்று முதலாளிகள் நம்பினார்கள். மூச்சுக்காற்றோடு உள்ளே போகும் தூசிதான் பெரிய எதிரி என்று ஆலிஸ் நிரூபித்தார். மனிதர்களைக் காரீயம் தாக்கக்கூடிய 70க்கும் மேற்பட்ட வேலைகளை அவர் குழு கண்டறிந்தது. பெயின்டில் கலக்கும் 'வெள்ளைக் காரீயம்' தயாரிக்கும் வேலையும் அவற்றில் ஒன்று. எட்வர்ட் கார்னிஷ் என்ற கம்பெனி அதிகாரி, தன் ஆட்களுக்கு நோயே இல்லை என்று மறுத்தார், ஆதாரம் கேட்டார். மருத்துவமனையில் சேர்ந்த 22 பேரின் விவரங்களோடு வந்து நின்றார் ஆலிஸ்! கார்னிஷ் உண்மையை ஏற்றுக்கொண்டார். தூசியை வெளியேற்றும் கருவிகளைப் பொருத்தினார். தொழிலாளர்களைப் பரிசோதிக்க டாக்டர்களை நியமித்தார். 1911இல் இலினாய் மாநிலத்தில் தொழிலாளர்களைப் பாதுகாக்கச் சட்டமும் வந்தது.

1919இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் ஆலிஸை ஆசிரியராக நியமித்தது. அங்கே ஆசிரியரான முதல் பெண் அவர்தான். ஆனால் பட்டமளிப்பு விழா ஊர்வலத்தில் மற்ற ஆசிரியர்களோடு நடக்க அவருக்கு அனுமதி இல்லை! பெட்ரோலில் காரீயம் கலப்பதை 1925இல் அவர் எதிர்த்தார். அப்போது யாரும் கேட்கவில்லை. இந்தியாவில் 2000ஆம் ஆண்டிலும், உலகம் முழுவதும் 2021ஆம் ஆண்டிலும்தான் அந்தப் பெட்ரோல் விற்பனை நின்றது.

சரி, தொழிற்சாலையில் இருந்த விஷம் குழந்தைகளிடம் எப்படி வந்தது? வெள்ளைக் காரீயம் கலந்த பெயின்ட், வீட்டுச் சுவர், ஜன்னல், தொட்டில், பொம்மை என எல்லாவற்றிலும் ஏறியது. 1904இலேயே ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகர டாக்டர் லாக்ஹார்ட் கிப்சன், குழந்தைகளின் நோய்க்கு வராந்தா பெயின்டே காரணம் என்று எச்சரித்தார்.

சின்னக் குழந்தைகள் தரையில் தவழ்கிறார்கள். கையை வாயில் வைக்கிறார்கள். காரீயப் பெயின்ட் லேசாக இனிக்கும் என்பதால், உரிந்த துண்டுகளைத் தின்றும் விடுகிறார்கள். பெரியவர்களைவிட 4 அல்லது 5 மடங்கு காரீயத்தைக் குழந்தைகளின் உடல் உறிஞ்சுகிறது. கால்சியம் போல அது எலும்பில் போய்த் தங்குகிறது. வளரும் மூளையைப் பாதிக்கிறது. வலியோ காய்ச்சலோ இல்லாமலே படிப்பும் கவனமும் குறையலாம். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லும் அளவே காரீயத்திற்குக் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆலிஸ் 101 வயது வரை வாழ்ந்து, 1970 செப்டம்பர் 22இல் காலமானார். மூன்றே மாதத்தில், அமெரிக்கா முழுவதற்குமான தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1978இல் வீட்டுப் பெயின்டில் காரீயம் அங்கே தடை செய்யப்பட்டது. இந்தியாவில் 2017 நவம்பர் முதல், வீட்டுப் பெயின்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் காரீயம் இருக்கக்கூடாது.

ஆனால் அதற்கு முன்பு அடித்த பெயின்ட் இன்னும் பல வீடுகளில் இருக்கலாம். எனவே குழந்தைகளே, உரிந்த பெயின்டைத் தொடாதீர்கள். தம்பி, தங்கையையும் தொட விடாதீர்கள். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வீட்டில் பழைய பெயின்டைச் சுரண்டும்போது, தூசி பறக்காமல் தண்ணீர் தெளித்துச் சுரண்டச் சொல்லுங்கள். வேலை முடிந்து, ஈரத்துணியால் துடைத்துச் சுத்தம் செய்யும்வரை நீங்கள் அந்தப் பக்கம் போகாதீர்கள். தூசிதான் பெரிய எதிரி என்று ஆலிஸ் சொன்னது, நம் வீட்டுக்கும் பொருந்தும்!